சிறுநீரக நோய்க்கு இதய மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 12 வருடங்களாக நீரிழிவு, பிரஷரும் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பார்த்தபோது கிரியேட்டினைன் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.6 என்று வந்தது. சிறுநீரில் புரதம் 420. கிளினிக் வைத்தியர் லொசார்டன் என்ற பிரஷர் மாத்திரை, அட்டோர்வஸ்டட்டின் என்ற கொலஸ்ட்ரோல் மாத்திரை ஆகிய இரண்டையும் எழுதிக்கொடுத்து, “இனி இதயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்” என்றார். ஆறு வாரம் கழித்து அரசாங்க வைத்தியசாலையில் எடுத்த அறிக்கையில் கிரியேட்டினைன் 141 என்று இருந்தது. மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்று பயந்து இரண்டையும் நிறுத்திவிட்டோம். கொலஸ்ட்ரோல் மாத்திரை சிறுநீரகத்துக்குக் கூடாது என்று அக்கம்பக்கத்திலும் சொல்கிறார்கள். சிறுநீரகத்தில் நோய் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டயலிசிஸ் செய்ய வேண்டி வருமா? நாங்கள் குடிக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் காரணமா? இப்போதெல்லாம் லயத்துக்கு ஏறும் மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். குளிர் என்றும் வயதாகிவிட்டது என்றும் சொல்கிறார். — ஓர் ஆசிரியை, நுவரெலியா மாவட்டம்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய மூச்சு வாங்கலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவுகளில் ஏறி இறங்கியே வாழ்ந்த ஒருவர், பழகிய மேட்டில் இரண்டு முறை நிற்கிறார் என்றால் அதைக் குளிரின் தலையில் கட்டிவிட முடியாது. போன வருடம் இதே நேரத்தில் நிற்காமல் ஏறினாரா என்று கேளுங்கள். ஏறினார் என்றால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஓர் ஈசிஜி எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கும் திகதி கேளுங்கள். இரவில் தலையணையை உயர்த்திக்கொண்டு படுக்கிறாரா, மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, மாலையில் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போக வேண்டும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று நாம் நினைக்கிறோம். நீரிழிவும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்குப் பல நேரங்களில் அப்படி வருவதில்லை. திடீரென்று மூச்சுத் திணறல், குளிர் வியர்வை, காரணமில்லாத களைப்பு, மேல்வயிற்றில் ஒரு பாரம் என்று வருகிறது. “வாயு” என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்கும் வீடுகளை நான் நிறையவே பார்க்கிறேன். அப்படி ஏதாவது நடந்தால் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. தோட்டத்துப் பாதைகள் வெளியாட்களுக்குப் பிடிபடாது. பிரதான வீதிச் சந்தியில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்திவையுங்கள். வைத்தியசாலையில் இறங்கியவுடன் “சிறுநீரக நோய் இருக்கிறது” என்று சொல்லிக் கிளினிக் புத்தகத்தை நீட்டுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை, சிறுநீரக நோயாளிகளில் சாதாரண நாட்களிலேயே சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இனி அந்த 141. உங்கள் அம்மாவின் சிறுநீரகத்துக்கு அந்த ஆறு வாரத்தில் எதுவும் ஆகவில்லை. ஹட்டனில் கொடுத்த 1.6 என்பது ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. வைத்தியசாலை கொடுத்த 141 என்பது ஒரு லீட்டரில் எத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கு. முதல் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் இரண்டாவது எண் வரும். நீங்கள் ஆசிரியை, பெருக்கிப் பாருங்கள். 1.6 பெருக்கல் 88.4, ஏறக்குறைய 141. இரண்டு அறிக்கைகளும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. இதை யாராவது ஒரு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் உங்கள் வீட்டில் இத்தனை நாள் கலக்கம் இருந்திருக்காது, மாத்திரையும் நின்றிருக்காது. முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள்.

லொசார்டன் தொடங்கிய பிறகு கிரியேட்டினைன் சிறிது ஏறியிருந்தாலும் அது பயப்பட வேண்டிய விடயமல்ல. சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் இருக்கும் மிகையான அழுத்தத்தை அந்த மருந்து குறைக்கிறது. அதனால் தொடக்கத்தில் 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நீண்ட காலத்தில் அதுவே காப்பு. நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு லொசார்டன் கொடுத்து 2001 இல் வெளியான ரீனால் என்ற ஆய்வில், சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் நிலைக்குப் போவது 28 சதவீதம் குறைந்தது. இதயம் தளர்ந்து முதன்முறையாக வைத்தியசாலையில் சேர்வதும் 32 சதவீதம் குறைந்தது. ஒரே மாத்திரை இரண்டு உறுப்புகளுக்கும் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டயலிசிஸ் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதை நேரில் பார்த்த குடும்பங்கள் மலையகத்தில் குறைவில்லை. அம்மாவின் வயதையும் கிரியேட்டினைனையும் வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கைகளில் eGFR) 37 அளவில் வருகிறது. ஐந்து கட்டங்களில் இது மூன்றாம் கட்டத்தின் பிற்பாதி. டயலிசிஸ் பற்றிப் பேசத் தொடங்கும் எல்லை இன்னும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் உள்ளவர்களில் பெரும்பாலானோர் டயலிசிஸ் இயந்திரத்தைக் காண்பதே இல்லை. சிறுநீரகம் வாழ்நாள் முழுவதும் தாங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் சொல்லக் கசப்பானது: பலரை அதற்கு முன்பே மாரடைப்போ பக்கவாதமோ இதயத் தளர்வோ கொண்டுபோய்விடுகிறது. 2004 இல் கலிபோர்னியாவில் 11 இலட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வயது, நீரிழிவு, பிரஷர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், வடிகட்டும் திறன் 30 க்கும் 44 க்கும் இடையில் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்திருந்தன. 15 க்குக் கீழே போனவர்களுக்கு மூன்று மடங்கையும் தாண்டியது. உங்கள் வைத்தியர் இதயத்தைப் பற்றிப் பேசியது இதனால்தான். சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கப் போனவருக்கு அது பொருத்தமில்லாத பதிலாகத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் சொன்னது சரி.

சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் கெட வேண்டும்? இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. லண்டன் கைஸ் வைத்தியசாலையில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், சிறுநீரில் புரதம் போய் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, வால்வுகளில் பழுது இல்லாமலே பலருக்கு இதயம் தடித்துப் பெருத்திருந்ததை 1836 இல் எழுதிவைத்தார். இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பழுதுபட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேவையான அளவு வெளியேற்றுவதில்லை. இரத்தக்குழாய்களை இறுக்கும் ஹோர்மோன்களைத் தூண்டிவிடுகிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தத்துக்கு எதிராக இரவு பகலாக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் துடிப்புகளுக்கு இடையில் நன்றாக விரிந்து கொடுக்காது. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதற்கு அதுவே போதும். அடுத்தது, சிறுநீரில் ஒழுகும் புரதம். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் ஓட்டையாகிவிட்டதன் அடையாளம் மட்டுமல்ல. அதே மெல்லிய உட்சுவர்தான் இதயத்திலும் மூளையிலும் கண்ணிலும் இருக்கிறது. ஓரிடத்தில் கசிகிறது என்றால் மற்ற இடங்களிலும் அது நலமாக இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 420 என்பது உயர்ந்த அளவு; 300 ஐத் தாண்டினாலே கடுமையான கசிவு என்று வகுக்கிறோம். 37 என்ற திறனோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் அம்மா மிக உயர்ந்த ஆபத்து வகுப்பில் வருகிறார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இரண்டு மாத்திரைகளை நிறுத்திவைக்கும் வசதி அவருக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது காரணம் சிறுநீரக நோய்க்கே உரியது. நோய் முற்ற முற்ற பொஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குகிறது. கல்சியத்தோடு சேர்ந்து இரத்தக்குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பாகப் படிகிறது. ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்து விறைத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள்; உள்ளே அடைப்பே இல்லாவிட்டாலும் அது வளைந்து கொடுக்காது. அப்படி விறைத்த குழாயில் ஒவ்வொரு துடிப்பின் அடியும் தணியாமல் நேராகப் போய் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது.

நான்காவது, இரத்தச்சோகை. நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ஹீமோகுளோபின் 10.1 என்று இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்குவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். சிறுநீரகம் தளரும்போது இரத்தம் ஊறத் தூண்டும் ஹோர்மோன் குறைகிறது. ஆனால் முதலில் இரும்புச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டோடு சாயத் தேநீர் குடிக்கும் வழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதை மாற்றுங்கள். தேநீரிலுள்ள டனின், சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடலில் முழுதாகச் சேரவிடாது. தேநீரை விடச் சொல்லவில்லை. அதை நம் மக்களிடம் சொல்லிப் பயனும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

கொலஸ்ட்ரோல் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் அது எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த வகை மாத்திரைகள் சிறுநீரக நோயாளிகளுக்குப் பயன் தருமா, பாதுகாப்பானவையா என்று பார்க்க ஏறக்குறைய 9,300 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஷார்ப் என்று பெயர். 2011 இல் வெளிவந்தது. அட்டோர்வஸ்டட்டின் போன்ற ஸ்டட்டின் வகை மாத்திரையோடு எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரோல் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. சிறுநீரகம் அதனால் வேகமாகக் கெடவில்லை. அதற்காகச் சிறுநீரகத்தை அது குணப்படுத்தும் என்றும் எண்ண வேண்டாம். அதன் வேலை இரத்தக்குழாயில். டயலிசிஸுக்குப் போன பிறகு இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் பெரிய பலன் கிடைப்பதில்லை என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பலன் உள்ள காலம் இதுதான். கொலஸ்ட்ரோல் அளவு சாதாரணமாக இருந்தாலும், 50 வயதைத் தாண்டிய, வடிகட்டும் திறன் 60 க்குக் கீழுள்ள ஒருவருக்கு இதைக் கொடுக்கிறோம். அட்டோர்வஸ்டட்டினுக்குச் சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்க வேண்டியதும் இல்லை. இன்றிரவே அதை மீண்டும் தொடங்கலாம். கை கால் தசைகளில் கடுமையான வலி வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ மட்டும் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

லொசார்டனை ஈசிஜி எடுக்கப் போகும்போது வைத்தியரிடம் சொல்லித் தொடங்குங்கள். அறிக்கையில் பொட்டாசியம் 4.6 தான், தடையாக இல்லை. ஆனால் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியம், கிரியேட்டினைன் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து சாப்பிட முடியாத நாட்களில் லொசார்டனையும், நீரிழிவு மாத்திரையான மெட்ஃபோர்மினையும் தற்காலிகமாக நிறுத்திக் கிளினிக்குக்கு அறிவிக்க வேண்டும். மெட்ஃபோர்மின் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வடிகட்டும் திறனில் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு வகை மருந்து வந்திருக்கிறது. முதலில் நீரிழிவுக்காக வந்தது. சிறுநீரகம் கெடுவதையும் இதயத் தளர்வையும் ஒருசேரக் குறைக்கிறது என்பது 2020 க்குப் பிறகு உறுதியாகிவிட்டது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வெளியே பாமசியில் வாங்க வேண்டுமென்றால் மாதச் செலவு எவ்வளவு என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பாதி மாதம் வாங்கிப் பாதி மாதம் விடுவதில் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: அம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருப்பவர் என்றால் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். பட்டினியோடு இந்த மருந்து சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

நீங்கள் அனுப்பியதில் அம்மாவின் பிரஷர் 158 க்கு 92 என்று இருக்கிறது. இது கூடுதல். 130 க்கு 80 க்குக் கீழே வர வேண்டும். தலைசுற்றல் இல்லாமல் தாங்கினால் இன்னும் கீழே. ஆனால் எப்படி அளந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். விடியற்காலையில் புறப்பட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, படியேறி வரிசையில் நின்றவருக்கு உடனே அளந்தால் ஏறித்தான் இருக்கும். இன்னொன்றையும் அடிக்கடி காண்கிறேன்: இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், அன்று காலை பிரஷர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியது நீரிழிவு மாத்திரையை மட்டும். பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கலாம். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், புயத்தில் கட்டுவதை வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு அது பெரிய உதவி.

உப்பில்தான் வீட்டாரின் கை இருக்கிறது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. மா ரொட்டி பிசையும்போது போடுகிற உப்பு, சம்பலில் போடுகிற உப்பு, கருவாட்டில் ஏற்கெனவே இருக்கிற உப்பு என்று கூட்டிப் பார்த்தால் காலைச் சாப்பாட்டிலேயே பாதி முடிந்துவிடும். ரொட்டிக்கு உப்பே போடாமல் பிசைந்து, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். கடைகளில் “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. லொசார்டன் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குழப்பக்கூடும். காமரங்காயும் பிலிங்காய்ச் சாறும் அறவே கூடாது. மற்றபடி, பொட்டாசியம் சரியாக இருக்கும்போது உருளைக்கிழங்கு, கரட், கீரை எல்லாவற்றையும் பயந்து ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? அதை விடச் சொல்லுங்கள். அதில் பேரம் இல்லை.

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்குகிற டைக்குளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவற்றைத் தேடி எடுத்து வீட்டைவிட்டு அகற்றுங்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பவை, பிரஷரை ஏற்றுபவை, மாரடைப்பின் ஆபத்தையும் கூட்டுபவை. உங்கள் அயலவர்கள் குறை சொல்ல வேண்டிய மாத்திரை இதுதான்; இதற்கோ யாரும் பயப்படுவதில்லை. வலிக்குப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரினையும் வைத்தியர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

தண்ணீர் பற்றி: அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது உண்மை. அவர்களுக்குப் பெரும்பாலும் நீரிழிவு இருக்காது, புரதமும் அதிகம் ஒழுகாது. அம்மாவுக்கு இரண்டும் இருக்கின்றன; 12 வருட நீரிழிவும் பிரஷருமே காரணம் என்று கொள்வதுதான் பொருத்தம். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரை, தாகத்துக்கு ஏற்பக் குடிக்கட்டும். சிறுநீரகத்தைக் “கழுவ” வேண்டுமென்று லீட்டர் கணக்கில் குடிக்க வைக்காதீர்கள். இதயம் தளர்ந்திருந்தால் அது நுரையீரலில் போய்த் தேங்கும்.

அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதற்கென்று தெரியாத மாத்திரையை யாரும் நாள்தோறும் விரும்பி விழுங்க மாட்டார்கள். அயலவர் ஒருவர் “கூடாது” என்றவுடன் அது நின்றுவிட்டதில் இதற்கும் பங்கு உண்டு. மருந்துப் பைகளை அவர் முன்னால் வைத்து, இது பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும், இது இரத்தக்குழாயில் அடைப்பு வராமல் இருக்க, இது நீரிழிவுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டயலிசிஸ் இப்போது வேண்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் உங்களுக்குப் பதில் தெரியாதவற்றைக் கிளினிக் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஈசிஜி எடுக்கப் போகும் நாளில் அவரே வைத்தியரிடம் கேட்கட்டும்.